ஓஎல்ஈடியா எல்சிடியா? ரீவி வாங்க முதல் வீட்டில் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டிஷ் பூட்டுவதும் ரீவியைச் சுவரில் ஏற்றிக் கொடுப்பதும்தான் என் வேலை. அதனால் யாராவது ரீவி வாங்கப் போவதென்றால் முதல் நாள் இரவு எனக்கு அழைப்பு வந்துவிடும். "தம்பி, ஓலெட்டோ எல்ஈடியோ, எது நல்லது எண்டு மட்டும் சொல்லு." ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தினை மணிக்கு ரீவி பாக்கிறனீங்கள்? அந்த நேரம் வாசல் கதவு திறந்திருக்குமோ பூட்டியிருக்குமோ?" சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு வந்துவிடும், மிச்சப் பாதி உங்கள் வீட்டில் படுக்கப் போகுமுன் சுவர்ச் சுவிச்சை நிறுத்துகிறவர் யார் என்பதில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கடையில் எல்ஈடி ரீவி என்று எழுதியிருப்பது எல்சிடி ரீவிதான், பின்னால் எரிகிற விளக்கு மட்டும் எல்ஈடி. கியூஎல்ஈடி என்பதும் எல்சிடிதான், நிறத்தைக் கூட்டிக் கொடுக்க நடுவில் ஒரு படலம் வைத்திருக்கிறார்கள். மினி எல்ஈடியும் எல்சிடிதான், பின்விளக்குகள் சின்னதாகவும் ஏராளமாகவும் இருக்கும், அவற்றைக் கூட்டம் கூட்டமாகத் தனித்தனியே மங்க வைக்கலாம். ஓஎல்ஈடி, பேச்சில் ஓலெட், அது மட்டும்தான் வேறு சாதி. ஓ என்ற ஆங்கில எழுத்துக்கு ஒரு வால் வைத்தால் கியூ ஆகிவிடும், அந்த வாலைக் கவனிக்காமல் கியூஎல்ஈடியை வாங்கி வந்துவிட்டு ஓலெட் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவர்கள் எனக்கே மூன்று பேரைத் தெரியும். நான் திருத்தப் போவதில்லை, அவர்களுக்கு அந்த ரீவி பிடித்திருக்கிறது.

வேலை செய்யும் விதம் இதுதான். எல்சிடியில் பின்னால் எந்த நேரமும் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் லட்சக்கணக்கான சின்னக் கதவுகள் திறந்து மூடும். கறுப்பு வேண்டுமென்றால் கதவை மூடும். ஆனால் அது நம்முடைய பழைய பலகைக் கதவு மாதிரி, எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் இடுக்கால் வெளிச்சம் கசியும். இருட்டில் பார்க்கும்போது கறுப்பு சாம்பலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஓஎல்ஈடியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையில் குறுக்கே 3840, மேலிருந்து கீழே 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றும் தானே எரிகிற விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்துவிடும், அவ்வளவுதான்.

"பழைய குண்டு ரீவியில இரவுப் படம் வடிவாத் தெரிஞ்சுதே, இப்ப புகை மண்டின மாதிரி இருக்கு" என்று வயதானவர்கள் சொல்வதை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. குண்டு ரீவியிலும் பின்விளக்கு இல்லை, ஒளி பட்ட இடம் மட்டும்தான் எரிந்தது. வன்னியில் கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு கண்ணில் நிற்கிறது. அதற்கு இப்போது மிக நெருக்கமாக வருவது ஓஎல்ஈடிதான். ஆனால் அவர்கள் பார்த்தது நடுச்சாமத்தில், வெளிச்சமே இல்லாத முற்றத்தில்.

இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. நீங்கள் வழக்கமாக ரீவி பார்க்கிற நேரத்தில், வழக்கமாக இருக்கிற கதிரையில் இருந்துகொண்டு, இப்போதுள்ள ரீவியை நிறுத்திவிட்டு அந்தக் கறுப்புக் கண்ணாடியையே ஒரு நிமிடம் பாருங்கள். போன மாதம் தருமபுரத்தில் ஒரு வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு நான் இப்படிப் பார்த்தபோது வாசல் நிலை, முற்றத்தில் சாத்தியிருந்த சைக்கிள், வேலியில் காயப்போட்ட சாரம், அதற்கு அப்பால் தென்னை, எல்லாமே திரைக்குள் தெரிந்தன. அந்த வீட்டில் நாலு லட்சம் கூடக் கொடுத்து எவ்வளவு திறமான ஓஎல்ஈடி வைத்தாலும் பகலில் தெரியப்போகிற கறுப்பு அந்தச் சைக்கிள்தான். புள்ளி அணைந்து கறுப்பாகிறது சரி, அதன் மேல் விழுகிற முற்றத்து வெளிச்சத்தை அது என்ன செய்யும்? ஓஎல்ஈடியிலேயே ஒரு வகை, கியூடி ஓஎல்ஈடி என்பார்கள், வெளிச்சமுள்ள அறையில் அதன் கறுப்பு கொஞ்சம் ஊதா கலந்த சாம்பலாகவே தெரியும். உங்கள் திரையில் உங்கள் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது என்றால், அப்போது ஓஎல்ஈடியைப் பற்றி மேலே கதைக்கலாம்.

பகல் பார்வை என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் கிரிக்கெட்டும் நாடகமும் செய்தியும். கிரிக்கெட்டில் திரை முழுக்க வெயிலடித்த பச்சைத் தரை. ஓஎல்ஈடிக்கு ஒரு குணம் உண்டு: சின்ன இடத்தைப் பளீரென்று காட்டச் சொன்னால் காட்டும், திரை முழுவதையும் பளீரென்று காட்டச் சொன்னால் சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் பயந்து தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல மினி எல்ஈடி அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே பகலில், கதவு திறந்திருக்கிற முன்னறையில், எல்சிடிதான், அதிலும் காசு இடம் கொடுத்தால் மினி எல்ஈடி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இரவு எட்டுக்குப் பிறகு லைற்றை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கிறவர் என்றால் கதை வேறு. ஓஎல்ஈடியில் காட்டுக்குள் நடக்கிற ஒரு இரவுக் காட்சியைப் பார்த்துவிட்டு எல்சிடிக்குத் திரும்பிப் போவது கஷ்டம், மரத்துக்கும் இருட்டுக்கும் இடையில் இவ்வளவு விஷயம் இருந்ததா என்று தோன்றும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கேம் விளையாடுகிற பெடியன்களுக்கும் ஓஎல்ஈடி பிடிக்கும், புள்ளிகள் மாறுகிற வேகம் எல்சிடியைவிடப் பல மடங்கு, வேகமான காட்சியில் இழுபட்டுத் தெரியாது. பிஎஸ்5 கேம் பெட்டி வைத்திருந்தால் 120 ஹேர்ட்ஸும் (நொடிக்கு 120 படம்) அதைக் கொண்டுவருகிற எச்டிஎம்ஐ 2.1 வாயிலும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், இப்போது நல்ல எல்சிடிகளிலும் வருகிறது.

இனி ஓஎல்ஈடியின் சீக்கு. ஒவ்வொரு புள்ளியும் விளக்கு என்றேனே, எரிய எரிய அது தேயும். எல்லாப் புள்ளியும் சமமாகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே படம் நாள் முழுக்க நின்றால் அந்த இடம் மட்டும் கூடத் தேய்ந்து தடம் விழும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அப்பாவுக்கு ஓஎல்ஈடி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குக் காலையில் எழும்பினால் படுக்கும் வரை செய்திதான், அதுவும் ஒரே சனல். மூன்று வருடத்தில் மேல் மூலையில் அந்தச் சனலின் முத்திரையும் கீழே ஓடுகிற செய்திப் பட்டையின் சிவப்பும் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டன, சனலை மாற்றினாலும் பொட்டை அழித்த நெற்றியில் தெரிகிற தடம் போல அங்கேயே நின்றன. இது ரீவியின் பிழை இல்லை, அந்த அப்பாவுக்கு அந்த ரீவி பொருந்தவில்லை. நாளுக்கு நாலு மணி நேரம் விதம்விதமாகப் பார்க்கிற வீட்டில் இப்படி ஆவது அரிது. சாப்பாட்டுக்கடை, சலூன், மருந்துக்கடை மாதிரிக் காலையில் போட்டு இரவில் நிறுத்துகிற இடங்களுக்கு மட்டும் ஓஎல்ஈடி என்ற பேச்சே வேண்டாம்.

தேய்மானத்தைச் சமப்படுத்த ஓஎல்ஈடிக்குள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய நாலு மணி நேரம் பார்த்தாகிவிட்டால், அடுத்து ரிமோட்டால் நிறுத்தும்போது ரீவி தூங்குவது போலப் பாவனை பண்ணிக்கொண்டு உள்ளே புள்ளிகளை அளந்து சரிசெய்யும், சில நிமிட வேலை. அதற்குச் சுவர்ச் சுவிச் போட்டபடி இருக்க வேண்டும். இங்கேதான் நம் அம்மாமார் வருகிறார்கள். படுக்குமுன் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுவிச்சாக நிறுத்துவது வன்னியில் ஒரு சடங்கு, கரண்ட் இல்லாமல் இருந்து கரண்ட் கண்டவர்கள், மின்னலுக்குச் சாமான்களைப் பறிகொடுத்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரிமோட்டை அழுத்தியதும் சுவிச்சையும் நிறுத்தினால் அந்த வைத்தியம் ஒருநாளும் நடக்காது. ஓஎல்ஈடி வாங்குகிறவர் அம்மாவோடு ஒரு உடன்படிக்கைக்கு வர வேண்டும்: ரிமோட்டால் நிறுத்தி, பல் தீட்டி, முகம் கழுவி, கால் மணித்தியாலம் கழித்துச் சுவிச். இடி முழங்குகிற நாளில் அதெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே பிளக்கையே கழற்றுங்கள், ஒரு நாள் தவறினால் குடி முழுகாது. எல்சிடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

மின்னலைப் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு வகை ரீவிக்கும் பொது. சித்திரை மாதத்திலும், பிறகு ஐப்பசி பக்கத்திலும் பின்னேரங்களில் இடி வந்தால் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். நான் பார்த்த மின்னல் அடித்த ரீவிகளில் பாதிக்கு மேல் பிளக் கழற்றியவைதான், டிஷ் வயரால் பெட்டிக்கு வந்து, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வயரால் ரீவிக்குள் போயிருக்கிறது. கரண்ட் குறைந்து கூடுவதற்கு ரீவி அவ்வளவு பயப்படுவதில்லை, பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். போன கரண்ட் திரும்பி வரும்போது ஒரு குத்துக் குத்துமே, அதுதான் கெடுக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டிய காலத்தில் எனக்கு நிறைய வேலை. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின்கருவியில் பட்டு நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார், நம் பக்கத்துக் குரங்குகளுக்கு அந்த அளவுக்கு எட்டவில்லை, டிஷ்ஷைத் திருப்புவதோடு நிற்கின்றன. கரண்ட் போனதும் சுவிச்சை நிறுத்தி, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மின்னல் காப்பான் வைத்த பிளக் பலகை வாங்கினால் வீட்டில் ஏர்த் சரியாக இருக்கிறதா என்று மின்வேலைக்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள், ஏர்த் இல்லாமல் அந்தப் பலகை வெறும் பலகைதான்.

திருத்துவது என்று வந்தால் எல்சிடி நம்முடைய ஆள். சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றால் அறையை இருட்டாக்கி டோர்ச்சைத் திரையில் சரித்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பின்விளக்குப் பட்டிதான் போயிருக்கிறது, பட்டி மாற்றத் தெரிந்தவர்கள் ஏ9 வீதியோரத்திலேயே இருக்கிறார்கள். பட்டி சீக்கிரம் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் கடையில் வைத்த முழு வெளிச்சத்திலேயே வீட்டிலும் ஓடவிடுவது, வாங்கி வந்த அன்றே பின்விளக்கை நூற்றுக்கு 60, 70க்குக் குறைத்துவிடுங்கள். ஓஎல்ஈடியில் திரைப்பலகைக்கு ஒன்று நடந்தால் அதை முழுதாகவே மாற்ற வேண்டும், அதன் விலையைக் கேட்டால் புது ரீவியே வாங்கலாம் என்பீர்கள். திரை உடைந்தால் எல்சிடிக்கும் அதே கதிதான், அதில் வித்தியாசம் இல்லை. சூட்டையும் யோசியுங்கள்: கையேடுகளில் பொதுவாக 40 பாகை வரைதான் போட்டிருக்கும், சீற் போட்டு சீலிங் அடிக்காத அறையில் பங்குனி சித்திரை மத்தியானத்தில் அதற்குக் கிட்டப் போய்விடும், ஓஎல்ஈடி சூட்டில் வேகமாகத் தேயும்.

கரண்ட் பில்லைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டாம். 55 அங்குல ரீவி எதுவானாலும் 100 வாட் சுற்றுவட்டம், இருண்ட படத்துக்கு ஓஎல்ஈடி குறைவாக எடுக்கும், கிரிக்கெட்டுக்குக் கூட எடுக்கும், மாதக் கடைசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அளவு. வீட்டுத்திட்ட வீடுகளின் முன்னறையில் கதிரையிலிருந்து சுவருக்கு ஏழெட்டு அடிதான் வரும், அதற்கு 55 தாராளம். ஆனால் என்ன பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். டிஷ்ஷில் வருகிற சாதாரணச் சனலில் குறுக்கே 720, மேலிருந்து கீழே 576 புள்ளிகள்தான் இருக்கின்றன. 4கே திரை அந்த ஒவ்வொரு புள்ளியையும் இருபதாக இழுத்துக் காட்ட வேண்டும். அதுதான் "புது ரீவியில முகமெல்லாம் கஞ்சி மாதிரி" என்று எனக்கு வருகிற முறைப்பாடு, அதை ஓஎல்ஈடியும் தீர்க்காது. சாதாரண டிஷ் மட்டும்தான் என்றால் 43 அங்குல எல்சிடி போதும், மிஞ்சிய காசுக்குக் கூடப் புள்ளியோடு படம் தருகிற எச்டி பெட்டிக்கு மாறுங்கள், அதில் கிடைக்கிற மாற்றம் பெரிது. அம்மம்மாவின் அறைக்கு 32 அங்குலம் தேடுகிறவர்களுக்கு யோசனையே தேவையில்லை, ஓஎல்ஈடியில் இப்போது வருகிற மிகச் சிறிய ரீவியே 42 அங்குலம்.

கடைக்குப் போனால் ஓடிக்கொண்டிருக்கிற கிளி, பழம், நீர்வீழ்ச்சி வீடியோவை நம்பாதீர்கள், அதில் எந்த ரீவியும் வடிவாகத்தான் தெரியும். வீட்டிலிருந்து ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள்: உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில் இரவு வரவேற்புத் துண்டு ஒன்று, ஒரு படத்தின் தொடக்கத்தில் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடுகிற துண்டு, கொஞ்சம் கிரிக்கெட். வெள்ளை எழுத்தைச் சுற்றிப் புகைவட்டம் தெரிந்தால் அந்த எல்சிடியில் பின்விளக்கை மங்க வைக்கிற வேலை சரியில்லை. கேமரா பச்சைத் தரைமேல் பந்தின் பின்னால் ஓடும்போது திரையில் அழுக்குத் திட்டு நிற்பது போலத் தெரிகிறதா பாருங்கள், எல்சிடிகளில் இது அதிகம், ஒரே மாடலிலேயே ஒன்றுக்கு இருக்கும் மற்றதுக்கு இராது. பிறகு பக்கவாட்டில் நாலைந்து எட்டு நடந்து போய்ப் பாருங்கள். நிறம் வெளிறினால் அது விஏ என்கிற வகைத் திரைப்பலகை, நேரே இருந்து பார்க்க நல்ல கறுப்புத் தரும். வெளிறாவிட்டால் ஐபிஎஸ் என்கிற வகை, கறுப்பு கொஞ்சம் சாம்பல், ஆனால் திண்ணையிலிருந்தும் குசினி வாசலிலிருந்தும் எட்டிப் பார்க்கிற பெரிய குடும்பத்துக்கு அதுதான் வசதி. கடைப்பெடியனிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் தெரியாது என்பான், நடந்து பார்ப்பதுதான் வழி.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் போட்டு அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால், குறிப்பாகக் கனடா உறவுகள், பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230இல் நேரே போடக்கூடாது. அங்குள்ள ரீவியின் ட்யூனர் இங்கே அன்ரனாச் சனல்களைப் பிடிக்காது, டிஷ் பெட்டியை எச்டிஎம்ஐயில் கொடுத்தால் ஓடும். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஓஎல்ஈடிக்கு உத்தரவாதம் இல்லாமல் நான் என் காசைப் போடமாட்டேன்.

கடைசியாகப் பூட்டுகிற இடம். நம் ஆட்களுக்கு ரீவியைச் சுவாமிப் படத்துக்குச் சமமாக உயரத்தில் வைக்க ஆசை, பிள்ளைகளுக்கு எட்டாதாம். விஏ பலகையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலும் வெளிறும், கழுத்தும் நோகும். புதுக்குடியிருப்பில் ஒரு மாமா வீட்டில், கிரிக்கெட்டும் பகல் நாடகமும் பார்க்கிற வீடு, என் பேச்சைக் கேட்டு 55 மினி எல்ஈடி வாங்கியிருந்தார்கள். மாமா கதவு நிலைக்கு மேலே கையைக் காட்டினார். நான் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லி, அவர் கண் மட்டத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, திரையின் நடு அதற்கு ஒரு சாண் மேலே வருகிற மாதிரித் துளை போட்டேன். மாமி வந்து பார்த்துவிட்டு, "அதில தானே தம்பி கலண்டர் தொங்கிறது" என்றார். கலண்டர் இப்போது குசினிக் கதவில் தொங்குகிறது.